நாலு மணி என்றால் நாலு மணி

வவுனியாவின் விளையாட்டுக் கழகங்கள் மைதானத்தை நிரப்பச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வவுனியாவில் உதைபந்தாட்டம் பார்க்க ஆள் இல்லை என்று சொன்னால் நம்ப முடியாது. உலகக் கிண்ணம் வந்துவிட்டால் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிற வீடுகள் இங்கே உண்டு. ஆனால் அதே வீட்டுக்காரர், தன் ஊர்க் கழகம் பக்கத்து மைதானத்தில் ஆடுகிற ஞாயிறு பின்னேரம் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ஆட்டத்தின் மீது அவருக்கு எந்த வெறுப்பும் இல்லை. மூன்றரைக்கு என்று நோட்டீசில் போட்ட ஆட்டம் ஐந்துக்குத் தொடங்கியதை அவர் மறக்கவில்லை. வெயிலில் நின்றதையும், கூட்டிவந்த மகளுக்கு மலசலகூடம் இல்லாமல் பாதியில் திரும்பியதையும், கடைசியில் நடுவரைச் சூழ்ந்து நடந்த சண்டையையும் மறக்கவில்லை.

இலங்கையில் கழக விளையாட்டுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று பேசினால் றக்பியைத்தான் பலரும் காட்டுவார்கள். கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு நித்தவளை மைதானம் இருக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதிவருகின்றன. ஓர் ஆட்டம் கொழும்பில், மற்றது கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி என்பது அங்குள்ள வழக்கம். அதனால் இரண்டு நகரங்களுக்கும் தங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டம் கிடைக்கிறது. வன்னியில் கழக விளையாட்டு என்றால் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் மென்பந்துக் கிரிக்கெட்டும்தான். ஆட்டம் வேறாக இருந்தாலும் கூட்டம் சேர்கிற காரணம் ஒன்றுதான். பார்வையாளர் தன் பின்னேரத்தை நம்பி எங்களிடம் தருகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிற கழகத்தின் மைதானம் நிறையும்.

கீழே உள்ளவை உதைபந்தாட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. மற்ற விளையாட்டுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பெரிய பணம் தேவைப்படுகிற யோசனை எதுவும் இதில் இல்லை.

செய்ய வேண்டியவை

1. சொன்ன நேரத்துக்குப் பந்தை உருட்டுங்கள்.
எல்லாவற்றுக்கும் முதல் இதுதான். 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, காயங்களுக்காகச் சேர்க்கும் சில நிமிடங்கள் என்று கணக்குப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் வேண்டும். வவுனியாவில் யூலை மாதத்தில் சூரியன் மறைய ஏறத்தாழ ஆறரை ஆகும். நவம்பரில் 5.50க்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே யூலையில் நாலு மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே பரிசளிப்பையும் முடித்துவிடலாம். நவம்பரில் மூன்றரைக்குத் தொடங்கினால்தான் கடைசி நிமிடத்துக் கோலைக் கண்ணால் காணலாம். ஓர் அணி வரத் தாமதித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைப் போட்டி விதியிலேயே எழுதிவையுங்கள். அந்த நேரம் கடந்தால் எதிரணிக்கு வெற்றி. முதல் சுற்றில் ஒருமுறை இதை நடைமுறைப்படுத்தினால் அடுத்த சுற்றில் எல்லா அணியும் நேரத்துக்கு வந்து நிற்கும்.

2. ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டி வெளியிடுங்கள்.
யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் மாபெரும் சமர் 1904இல் தொடங்கியது. சென். பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் சமர் 1917இல் தொடங்கியது. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்துகூட லீவு எடுத்து வருவதற்குக் காரணம், ஆட்டம் எந்தக் காலத்தில் நடக்கும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். வவுனியாக் கழகங்களுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். அயலூர்க் கழகம் ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தின் அதே வாரத்தில் ஓர் ஆட்டம் வையுங்கள். ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே. மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் நடத்தினால் அது ஊரின் நாளாகிவிடும். நாட்காட்டியை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதாது. சலூன், தேநீர்க்கடை, சனசமூக நிலையம், பஸ் தரிப்பிடம் ஆகிய நான்கு இடங்களிலும் தாளில் ஒட்டுங்கள்.

3. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்க வழிசெய்யுங்கள்.
எங்கள் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையில் நடக்கின்றன. எட்டு அணிகள் என்றால் மொத்தம் 7 ஆட்டங்கள். முதல் நாளிலேயே நான்கு அணிகள் வெளியேறிவிடும். அணியோடு அந்த ஊரின் ஆட்களும் போய்விடுவார்கள். அதே எட்டு அணிகளை நான்கு நான்காக இரண்டு குழுவாகப் பிரித்தால் குழு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1 என்று 15 ஆட்டங்கள் கிடைக்கும். எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். முதல் ஆட்டத்தில் தோற்ற ஊருக்கு அடுத்த வாரமும் வருவதற்குக் காரணம் இருக்கும். நாட்கள் போதாது என்றால் அணிக்கு 7 பேர், 9 பேர் என்று வைத்து, ஆட்ட நேரத்தையும் குறைத்து, ஒரே பின்னேரத்தில் இரண்டு ஆட்டங்களை முடிக்கலாம்.

4. வீரரின் பெயரைச் சொல்லுங்கள்.
நெளுக்குளத்திலிருந்து வந்த அம்மாவுக்குத் தன் மகன் ஆடுவது தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அறிவிப்பாளரிடம் இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியலும் இலக்கங்களோடு இருக்கட்டும். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு வீரரின் பெயரையும் ஊரையும் படித்த பாடசாலையையும் வாசியுங்கள். விபுலானந்தாக் கல்லூரியில் படித்தவன், தமிழ் மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவன் என்று காதில் விழுந்தவுடன் அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் அவனுக்காகக் கைதட்டுவார்கள். மைதான ஓரத்தில் ஒரு பெரிய கரும்பலகையை நிறுத்தி அணிகளின் பெயர், கோல் எண்ணிக்கை, கோல் போட்டவர், நேரம் ஆகியவற்றை எழுத ஒருவரை அமர்த்துங்கள். பிந்தி வருகிறவர் எவரிடமும் கேட்காமலே நிலவரம் அறிந்துகொள்வார்.

5. நிழலும் தண்ணீரும் கொடுங்கள்.
வன்னி வெயிலில் ஒருவரை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. மேற்குப் பக்கம் பந்தல் போடுங்கள். பின்னேர வெயில் அப்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண்ணும் கூசாது. கிடுகுப் பந்தலோ தறப்பாளோ போதும். முதல் இரண்டு வரிசைக் கதிரைகளை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் ஒதுக்குங்கள். குடிநீர்த் தாங்கி ஒன்றை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். கடும் வெப்ப நாட்களில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் வீரர்கள் தண்ணீர் குடிக்க நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம். அதை ஆட்டத்துக்கு முன்பே நடுவரோடும் இரு அணித் தலைவர்களோடும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

6. பெண்கள் வருகிற இடமாக மைதானத்தை மாற்றுங்கள்.
பெண்கள் வராத மைதானம் அரைவாசிக் கூட்டத்தை வாசலிலேயே இழந்த மைதானம். பூட்டும் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள தனி மலசலகூடம் முதல் தேவை. மைதானத்தில் இல்லையென்றால் அருகிலுள்ள பாடசாலையிடமோ பொதுநோக்கு மண்டபத்திடமோ அந்தப் பின்னேரத்துக்கு அனுமதி கேளுங்கள். பெண்கள் அமர்கிற பகுதியில் கழகத்தின் மூத்த பெண் உறுப்பினர்கள் இருவர் பொறுப்பாக நிற்கட்டும். பெண்கள் ஆடுகிற ஆட்டமும் வேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அகில இலங்கை அளவில் உதைபந்தாட்டத்தில் முதலிடம் பெற்றுக் காட்டியிருக்கிறார்கள். இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயத்தையோ சைவப்பிரகாச மகளிர் கல்லூரியையோ அழைத்து, பெரிய ஆட்டத்துக்கு முன் ஒரு காட்சி ஆட்டம் வையுங்கள். அந்தப் பிள்ளைகளின் குடும்பம் முழுவதும் அன்று மைதானத்தில் இருக்கும்.

7. இடைவேளையைச் சிறுவர்களிடம் கொடுங்கள்.
இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது உதைபந்தாட்ட விதி. அந்த நேரத்தில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மைதானத்தின் ஒரு பாதியில் சின்னக் கம்பங்கள் நட்டு ஆடட்டும். ஒரு பிள்ளை ஆடினால் அம்மா, அப்பா, அம்மம்மா, தம்பி தங்கை என்று நான்கைந்து பேர் கூட வருவார்கள். அந்தப் பிள்ளைதான் பத்து வருடத்தில் உங்கள் கழகத்தின் மேலங்கி அணிந்து இறங்கப்போகிறது.

8. ஊரின் சாப்பாட்டை ஊராரே விற்கட்டும்.
கச்சான், அவித்த கடலை, வடை, ரோல்ஸ், மோர், தேசிக்காய்த் தண்ணீர், பிளேன்ரீ. இவை போதும். கடை போடும் உரிமையை வெளி வியாபாரிக்கு ஏலம் விடாமல் ஊரின் மாதர் சங்கத்துக்குக் கொடுங்கள். சிறு வாடகை கழகத்துக்கு, இலாபம் அவர்களுக்கு. அவர்கள் வந்தால் அவர்களின் வீட்டாரும் வருவார்கள். விலையைப் பலகையில் எழுதி வையுங்கள். போட்டி நாள் என்பதற்காகச் சோடா விலையை உயர்த்த விடாதீர்கள்.

9. தமிழோடு சிங்களத்திலும் அறிவியுங்கள்.
வவுனியா மாவட்டத்தில் வவுனியா, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, வெங்கலச்செட்டிகுளம் என்று நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. வவுனியா தெற்கில் பெரும்பாலோர் சிங்கள மக்கள். பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு ஆகியவை முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். நகர மைதானத்தில் நடக்கிற ஆட்டம் இவர்கள் எல்லோருடையதும்தான். கோல் விழுந்தவுடன் ஒரு வசனம் தமிழில், ஒரு வசனம் சிங்களத்தில் சொல்ல ஒரு மாணவர் போதும். தன் மொழியைக் காதால் கேட்ட பார்வையாளர் மறுமுறை தன் நண்பரையும் கூட்டிவருவார்.

10. முதலுதவியைத் தயாராக வையுங்கள்.
சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையினரையோ செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டர்களையோ முன்கூட்டியே எழுத்தில் அழையுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. அந்த இலக்கத்தை மைதானத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அம்புலன்ஸ் உள்ளே வருகிற பாதையில் மோட்டார் சைக்கிள் ஒன்றுகூட நிற்க விடாதீர்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் பின்னேரம் இடியும் மின்னலும் வருவது வழக்கம். இடி கேட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடிமுழக்கத்திலிருந்து 30 நிமிடம் கழிந்த பிறகே மீண்டும் தொடங்குங்கள். எவரையும் தனிமரத்தின் கீழோ தறப்பாள் பந்தலிலோ ஒதுங்க விடாமல், சீமெந்துக் கட்டடத்துக்குள் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள்.

11. வீடு திரும்பும் வழியையும் யோசியுங்கள்.
நெடுங்கேணிக்கும் செட்டிகுளத்துக்கும் போகிற கடைசி பஸ் எப்போது என்பதைக் கழகம் அறிந்திருக்க வேண்டும். பரிசளிப்பு அதற்கு முன் முடிய வேண்டும். இறுதிப் போட்டி நாளில் முச்சக்கரவண்டிச் சங்கத்தோடு பேசி, நியாயமான கட்டணத்தில் வண்டிகள் வாசலில் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். மோட்டார் சைக்கிள்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, துண்டு கொடுத்துக் காவலுக்கு இருவரை நிறுத்துங்கள். தன் ஹெல்மெட் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தவர்தான் கடைசி நிமிடம் வரை நிம்மதியாக ஆட்டம் பார்ப்பார்.

12. எதிரணியை விருந்தாளியாக நடத்துங்கள்.
கிளிநொச்சியிலிருந்து வருகிற அணி ஏ-9 வீதியில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கடந்து வருகிறது. உடை மாற்ற ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், கைகால் கழுவக் குழாய் ஆகியவை அவர்கள் இறங்கும்போதே தயாராக இருக்கட்டும். றக்பியில் ஆட்டம் முடிந்தபின் இரண்டு அணிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நெடுநாள் வழக்கம். நாங்களும் அதைச் செய்யலாம். பெரிய விருந்து தேவையில்லை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு பொரியலும் இருந்தால் போதும். மோதிய இரண்டு பெடியள் ஒரே பந்தியில் சாப்பிட்ட பிறகு அடுத்த ஆட்டத்தில் கை ஓங்க யோசிப்பார்கள். அந்த நல்ல பெயரைக் கேட்டு எதிரணியின் ஊராரும் அடுத்தமுறை பஸ் பிடித்து வருவார்கள்.

13. புலம்பெயர்ந்த ஊராருக்கு ஆட்டத்தையும் கணக்கையும் காட்டுங்கள்.
லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிற ஊரவர்கள் வெற்றிக்கிண்ணத்துக்கும் மேலங்கிக்கும் பணம் அனுப்புகிறார்கள். ஒரு கைபேசியை உயரமான இடத்தில் அசையாமல் பொருத்தி ஆட்டத்தை நேரலையில் காட்டுங்கள். வந்த பணம் எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, நடுவருக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற கணக்கை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் வெளியிடுங்கள். கணக்கு வெளியிடுகிற கழகத்துக்கு இரண்டாம் முறை கேட்காமலே உதவி வரும்.

14. வருகிறவர்களை எண்ணுங்கள்.
ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள், இடைவேளைக்குப் பிறகு எத்தனை பேர் இருந்தார்கள் என்று இரண்டு மாணவர்கள் ஒரு கொப்பியில் குறித்தால் போதும். வெளியேறுகிறவர்களில் சிலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த ஆட்டத்துக்கு வருவீங்களா, வரமாட்டீங்களெண்டால் ஏன்?" அந்தப் பதில்களைக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள்.

செய்யக்கூடாதவை

1. பிரதம விருந்தினருக்காக ஆட்டத்தைப் பிந்தவிடக் கூடாது.
வவுனியாவின் பின்னேரங்களை அதிகம் விழுங்கியது இந்த ஒரு பழக்கம்தான். விருந்தினர் வரவில்லை என்று இரண்டு அணிகளும் உடல் சூடாகி மீண்டும் குளிர்ந்துபோகும் வரை காத்திருக்கின்றன. வந்தபின் மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, ஒவ்வொருவரின் உரை. ஆட்டம் தொடங்கும்போது வெயில் இறங்கிவிடுகிறது, கூட்டத்தில் கொஞ்சமும் குறைந்துவிடுகிறது. அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதுங்கள்: ஆட்டம் நாலு மணிக்குத் தொடங்கும், வீரர்களோடு அறிமுகம் 3.50க்கு. விருந்தினர் பிந்தினால் இடைவேளையில் கைகுலுக்கட்டும். உரைகள் பரிசளிப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம். ஊரை மதிக்கிற விருந்தினர் எவரும் இதற்காகக் கோபிக்கமாட்டார்.

2. ஊரின் நாட்களைப் பாராமல் திகதி குறிக்கக் கூடாது.
வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் நடந்தும் வண்டியிலும் போகும். ஓகஸ்ட் 15 மடு மாதாவின் திருவிழா. நோன்பு மாதத்தில் மாலை ஆறரையை நெருங்கும் ஆட்டம் முஸ்லிம் பார்வையாளரையும் வீரரையும் வெளியே நிறுத்தும். க.பொ.த. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டுவது படிக்கிற பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். வைரவபுளியங்குளத்துத் தனியார் வகுப்புகள் விடுகிற நேரத்தையும் பாருங்கள். மாணவர்கள் வரக்கூடிய நேரம் அதற்குப் பிறகுதான். மே 18உம் நவம்பர் 27உம் எங்கள் வீடுகள் இழந்தவர்களை நினைக்கும் நாட்கள். அந்த நாட்களை ஒட்டி வெற்றி விழா வைக்கக் கூடாது. மழைக்காலமான ஒக்ரோபர் தொடக்கம் யனவரி வரை பெரிய இறுதிப் போட்டிகளைத் தவிர்ப்பதும் நல்லது.

3. நடுவரைச் சூழக் கூடாது.
றக்பியில் நடுவரோடு பேசுகிற பொறுப்பு அணித் தலைவருக்குத்தான். 2024 ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்திலும் அணித் தலைவர் மட்டுமே நடுவரை அணுகலாம் என்ற நடைமுறை கொண்டுவரப்பட்டது. எங்கள் போட்டி விதியிலும் அதைச் சேருங்கள். நடுவரை நோக்கி ஓடுகிற மற்றவருக்கு மஞ்சள் அட்டை. முறைப்பாடு இருந்தால் ஆட்டம் முடிந்தபின் எழுத்தில் கொடுக்கலாம். நடுவரின் கொடுப்பனவை ஆட்டம் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். முடிவைப் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் அவருக்கும் உங்களுக்கும் அவமானம். சண்டையில் முடிந்த ஓர் ஆட்டம் அடுத்த பல ஆட்டங்களின் குடும்பக் கூட்டத்தைக் கலைத்துவிடும்.

4. ஒலிபெருக்கியில் எவரையும் இழிவுபடுத்தக் கூடாது.
வாய்ப்பைத் தவறவிட்ட வீரரைக் கேலி செய்வது, எதிரணியின் ஊரைக் குத்திக்காட்டுவது, சாதியையோ சமயத்தையோ தொட்டுப் பேசுவது எதற்கும் மன்னிப்பில்லை. அறிவிப்பாளர் இரண்டு அணிக்கும் பொதுவானவர். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பெறுங்கள். பெட்டிகளை மைதானத்தை நோக்கித் திருப்புங்கள். பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கலாம்.

5. மதுவுக்கு இடம் கொடுக்கக் கூடாது.
குடித்துவிட்டு வருகிற நான்கு பேருக்காக நாற்பது குடும்பங்கள் வராமல் நிற்கின்றன. வாசலிலேயே தடுங்கள். அவர் கழகத்தின் மூத்த உறுப்பினராக இருந்தாலும் தடுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபான, புகையிலை நிறுவனங்கள் விளையாட்டு நிகழ்வுகளுக்கு அனுசரணை வழங்க முடியாது. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றை விற்கவும் முடியாது. அணி வென்றால் போத்தல் உடைப்பது என்ற வழக்கத்தைக் கழகமே முதலில் கைவிட வேண்டும். சின்னப் பெடியள் பெரியவர்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

6. வாசல்களைப் பூட்டக் கூடாது.
இந்தோனேசியாவின் கஞ்சுருகான் மைதானத்தில் 2022 ஒக்ரோபர் 1ஆம் திகதி, கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடிய மக்கள் ஒடுங்கிய வாசல்களில் நெரிந்து 135 பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4ஆம் திகதி பெங்களூரில் கிரிக்கெட் அணியின் வெற்றி விழா நாளில் மைதான வாசல் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் கூட்டம் சிறியது என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. நுழைவுச்சீட்டு விற்கிற நாளில்கூட ஆட்டம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன் எல்லா வாசலையும் அகலத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நிற்கட்டும். சீட்டு விற்பதாக இருந்தால் களியாட்ட வரி பற்றி உள்ளூராட்சி மன்றத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. இரவல் வீரர்களால் அணியை நிரப்பக் கூடாது.
யாழ்ப்பாணத்தில் பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், மயிலங்காடு ஞானமுருகன் போன்ற கழகங்களின் பெயரிலேயே ஊரும் அதன் வழிபாடும் வாழ்வும் இருக்கின்றன. அந்த அணி இறங்கினால் ஊரே இறங்கியது போல. வவுனியாவில் ஒரு கிண்ணத்துக்காகப் பணம் கொடுத்து வெளியூரிலிருந்து ஆறேழு பேரை இறக்கினால் கிண்ணம் கிடைக்கலாம். கம்பத்தருகே நிற்கிற ஊரவருக்கு அணியில் ஒருவரையும் தெரியாது. வெளி வீரர் இருவருக்கு மேல் வேண்டாம் என்று சுற்றுப்போட்டி விதியிலேயே வரம்பு வையுங்கள். ஆடத் தெரியாத ஊர்ப் பெடியனுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பதுதான் கழகத்தின் வேலை.

8. பரிசுத் தொகையை மட்டும் பெருப்பிக்கக் கூடாது.
நோட்டீசில் பெரிய தொகை போட்டால் நல்ல அணிகள் வரும். பார்வையாளர் வருவார் என்பதற்கு உறுதி இல்லை. பெரிய தொகை வைத்த ஆட்டத்தில் சச்சரவும் கூடுகிறது. முதல் பரிசில் ஒரு பங்கைக் குறைத்து, பந்தலுக்கும் மலசலகூடத்துக்கும் சிறுவர் அணியின் பந்துகளுக்கும் செலவிடுங்கள். ஒழுக்கமாக ஆடிய அணிக்கும் ஒரு கிண்ணம் இருக்கட்டும். அதைக் கடைசியில் அவசரமாகக் கொடுக்காமல் முதலில் கொடுங்கள்.

9. குப்பையை விட்டுப் போகக் கூடாது.
பிளாஸ்ரிக் கோப்பையும் சிரட்டையும் மழைநீர் தேக்கினால் டெங்கு நுளம்பு பெருகும். மைதானத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள்தான் உங்கள் முதல் பார்வையாளர்கள். அவர்களின் வேலிக்குள் குப்பை எறிந்துவிட்டு அவர்களை ஆட்டம் பார்க்க அழைக்க முடியாது. மைதானத்தை விட்டுப் போகும் முன் இரண்டு அணிகளின் வீரர்களும் சேர்ந்து பத்து நிமிடம் பொறுக்கினால் மைதானம் சுத்தமாகிவிடும்.

10. மேலிடம் அசையும் வரை சும்மா இருக்கக் கூடாது.
2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. மேலே குழப்பம் வந்தால் கீழே லீக் ஆட்டங்களும் தடுமாறும். ஊர்க் கழகத்துக்குத் தன் கையில் உள்ள நாட்காட்டி வேண்டும். அயல் கழகத்தோடு நட்பு ஆட்டம், பழைய வீரர்களின் ஆட்டம், வவுனியா பல்கலைக்கழக மாணவர்களோடு ஓர் ஆட்டம் என்று மாதத்துக்கு ஒன்றாவது நடக்கட்டும். இவற்றுக்கு மைதான அனுமதியும் ஒரு பந்தும் ஒரு நடுவரும் போதும்.

போட்டி நாள் நேர அட்டவணை (யூலை மாதத்து ஞாயிறு ஒன்றுக்கு)

- மதியம் 1.00: கோடு போடுதல், வலை கட்டுதல், பந்தல், குடிநீர், மலசலகூடம் சரிபார்த்தல்.
- 2.30: வாசல், வண்டித் தரிப்பிடம், முதலுதவிப் பொறுப்பாளர்கள் தங்கள் இடத்தில்.
- 2.45: மகளிர் அல்லது சிறுவர் காட்சி ஆட்டம்.
- 3.30: இரு அணிகளின் பெயர்ப்பட்டியலும் அறிவிப்பாளர் கையில். நடுவர் கொடுப்பனவு வழங்கல்.
- 3.50: வீரர் அறிமுகம், விருந்தினர் கைகுலுக்கல்.
- 4.00: ஆட்டம் ஆரம்பம்.
- 4.47 அளவில்: இடைவேளை, சிறுவர் ஆட்டம்.
- 5.40: வாசல்கள் எல்லாம் திறப்பு.
- 5.50: ஆட்டம் முடிவு.
- 5.55: பரிசளிப்பு, உரைகள்.
- 6.15: கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் புறப்படும் நேரம். மைதானம் சுத்தம் செய்தல்.
- 6.45: இரு அணிகளும் சேர்ந்து சாப்பாடு.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய எந்தக் கழகத்தாலும் முடியாது, முடியவேண்டும் என்றும் இல்லை. முதல் ஆட்டத்துக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சொன்ன நேரத்தில் தொடக்கம், பெண்களுக்கு மலசலகூடம், நடுவருக்கு மரியாதை. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஒரு வெற்றிக்கிண்ணத்தின் விலையைத் தாண்டாது. அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒருவரின் பெயரை எழுதிப் பொறுப்புக் கொடுங்கள். மூன்றும் பழக்கமான பிறகு நிழல், பெயர்ப்பட்டியல், சிறுவர் ஆட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். வவுனியா மக்கள் ஆட்டத்தை விரும்புகிறவர்கள்தான். தங்கள் பின்னேரத்துக்கு மதிப்புக் கொடுக்கிற கழகம் எது என்பதை அவர்கள் இரண்டு ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.